பட்டப்பகலில் பறக்கும் ஆந்தை அந்து

கேள்வி: வட கரோலினாவில் இருக்கிறேன். ஏப்ரல் தொடக்கத்தில், உச்சி வெயிலில், திராட்சைக் கொடியருகே கறுப்பு இறக்கையில் வெள்ளையும் சிவப்புமாக ஒரு சின்ன வண்ணத்துப்பூச்சி சுற்றியது. படம் இணைத்துள்ளேன். வண்ணத்துப்பூச்சி வழிகாட்டியில் இது இல்லை. என்ன பூச்சி? கொடிக்குக் கெடுதலா?

பதில்: நீங்கள் புரட்டிய புத்தகம்தான் மாறிவிட்டது. இது அந்துப்பூச்சி. படத்தைப் பெரிதாக்கி உணர்கொம்பைப் பாருங்கள். வண்ணத்துப்பூச்சிக்கு அதன் நுனி குண்டூசித் தலைபோல் திரண்டிருக்கும். இதற்கு அப்படி இல்லை.

பெயர் சைக்கோமார்ஃபா எபிமெனிஸ். 1782-இல் ட்ரூரி என்ற பூச்சியியலாளர் விவரித்தது. அமெரிக்காவின் கிழக்குப் பகுதியில் இளவேனிலில் மட்டும் தலைகாட்டும். இறக்கை விரித்தால் ஓர் அங்குலம் இருக்கும். முன்னிறக்கையில் பெரிய வெள்ளைத் திட்டு, பின்னிறக்கையில் செங்கல் சிவப்புத் திட்டு. இந்தச் சிவப்புதான் முக்கியமான அடையாளம். ஆனால் பூச்சி அமர்ந்தால் முன்னிறக்கை அதை மூடிவிடும். பலர் அனுப்பும் படங்களில் அது தெரிவதே இல்லை. உங்கள் படத்தில் ஓரமாகத் தெரிகிறது, நல்லவேளை.

இதனோடு குழப்பிக்கொள்ளக்கூடியது அலிப்பியா ஆக்டோமாகுலேட்டா. அதுவும் கறுப்பு, அதுவும் பகலில் பறப்பது, அதன் புழுவும் திராட்சை இலை தின்பது. ஆனால் அதற்கு ஒவ்வோர் இறக்கையிலும் இரண்டு வெளிர் புள்ளிகள், ஆக எட்டு. ஆரஞ்சு நிறம் காலில் உள்ள மயிர்க்கற்றைகளில் மட்டும். இறக்கையில் சிவப்பே கிடையாது.

வகைப்பாட்டில் ஒரு சிக்கல். பழைய நூல்கள் இந்த இரண்டையும் அகாரிஸ்டிடே என்ற தனிக் குடும்பத்தில் வைத்தன. இப்போது அது ஆந்தை அந்துகளின் குடும்பமான நாக்டுயிடேக்குள் அகாரிஸ்டினே என்ற துணைக்குடும்பமாகச் சுருங்கிவிட்டது. பகட்டு நிறத்தையும் பகல் பறப்பையும் வைத்துத் தனிக் குடும்பம் கட்டியது அவசரம் என்றே எனக்குத் தோன்றுகிறது. பின்மார்பில் உள்ள செவிப்பறை இதை ஆந்தை அந்துகளின் பெருங்குடும்பத்தோடு சேர்க்கிறது. படத்தில் அது தெரியாது. மாதிரி கையில் வேண்டும்.

கொடிக்குப் பயம் வேண்டாம். வெள்ளை உடலில் கறுப்பு வளையமும், தலையிலும் பின்முனையருகிலும் ஆரஞ்சும் கொண்ட இதன் புழு, இளந்தளிரைப் பட்டிழையால் இழுத்துக் கட்டி உள்ளிருந்து தின்னும். உடலெங்கும் ஆரஞ்சுப் பட்டைகள் இருந்தால் அது அலிப்பியாவாக இருக்கலாம். மடிந்த இலைகளைக் கையால் கிள்ளி எறிந்தாலே போதும். ஆண்டுக்கு ஒரே தலைமுறைதான். கூட்டுப்புழுவானால் அடுத்த இளவேனில் வரை வெளியே வராது. அதனால் கோடை நடுவில் இதற்காக மருந்தடித்தால் காசுதான் வீண்.