நாய் சாக்ஸை முழுங்கிவிட்டது, பார்க்க நன்றாகத்தான் இருக்கிறது. காத்திருந்து பார்க்கலாமா?

காத்திருக்காதீர்கள். முதலில் டாக்டருக்குப் போன் போட்டுவிட்டு மீதியைப் படியுங்கள். முழுங்கி இரண்டு மணி நேரத்துக்குள் என்றால் சாக்ஸ் இன்னும் இரைப்பையில் இருக்க வாய்ப்பு அதிகம், ஓர் ஊசி போட்டு அவரே வாந்தி எடுக்க வைத்துவிடலாம். குடலுக்கு இறங்கிவிட்டால் அந்த வழி கிடையாது.

எங்கள் வீட்டில் நடந்தது பூச்சரத்தால். மதுரை புதூரில் இருக்கிறோம். சித்திரைத் திருவிழாவில் அழகரை ஊர் எல்லையில் வரவேற்கும் எதிர்சேவையைப் பார்த்துவிட்டு ராத்திரி வந்த அம்மா தலையில் இருந்த மல்லிகையைக் கழற்றிக் கட்டிலில் வைக்க, எட்டு மாதக் குட்டி செவலை இரண்டு முழத்தையும் நூலோடு தின்றுவிட்டது. 2013-ல் புவிசார் குறியீடு வாங்கிய பூ என்றெல்லாம் அதற்கு என்ன தெரியும்! பூதானே, காலையில் வெளியே வந்துவிடும் என்று நாங்களும் விட்டுவிட்டோம். மறுநாள் ஊரே அழகரைப் பார்க்க ஆற்றுப் பக்கம் போயிருந்தது, செவலையும் வாலை ஆட்டிக்கொண்டு சோறு தின்றது. அதற்கு அடுத்த நாள்தான் குடித்த தண்ணீரைக்கூடக் கக்கிவிட்டு முதுகை வளைத்துக்கொண்டு மூலையில் போய் நின்றது. பின்னால் இரண்டு விரல் நீளத்துக்கு நூல் தொங்கியது, தம்பி பிடித்து இழுத்தான், அது அலறிய அலறலில் பயந்து விட்டுவிட்டான்.

டாக்டர் கேட்ட முதல் கேள்வியே "யாருங்க இழுத்தது?" என்பதுதான். நூலின் ஒரு முனை இரைப்பையில் சுருண்டு மாட்டிக்கொள்ளுமாம். குடல் மீதியைத் தள்ளத் தள்ள, நாடாவை இழுத்தால் பாவாடை சுருங்குகிற மாதிரி குடலே நூலின்மேல் சுருங்கி ஏறும், அப்புறம் இறுகிய நூல் உள்ளே அறுக்க ஆரம்பிக்கும். நாம் இழுப்பது அந்த அறுப்புக்குக் கை கொடுப்பது. வாயில் தொங்கினாலும் இதே கதைதான், தொடாதீர்கள்.

எக்ஸ்ரேயில் நூல் தெரியவில்லை. ஆணி, காசு, எலும்பு என்றால் பளிச்சென்று தெரியும், துணியும் நூலும் பெரும்பாலும் தெரியாது. அதனால் எக்ஸ்ரேயில் ஒன்றுமில்லை என்று சொன்னால் நிம்மதியாகக் கிளம்பிவிடாமல், ஸ்கேன் எடுக்கலாமா என்று கேளுங்கள். செவலைக்கு ஸ்கேனில்தான் தெரிந்தது. அன்றைக்கே ஆபரேஷன், பன்னிரண்டு நாள் கழித்துத் தையல் பிரித்தார்கள்.

பக்கத்து வீட்டு யோசனைகள் வரும். உப்புத் தண்ணீர் ஊற்றச் சொல்வார்கள், ஊற்றாதீர்கள், உப்பு ரத்தத்தில் ஏறினால் வலிப்பே வரலாம். விளக்கெண்ணெயும் வேண்டாம். (முழுங்கியது ஊசியோ பட்டன் பேட்டரியோ என்றால் வாந்தி என்ற பேச்சே எடுக்கக் கூடாது, ஊசி ஏறும்போது குத்தும், பேட்டரி உணவுக்குழாயைப் பொசுக்கிவிடும். நேராக வண்டியைக் கிளப்புங்கள்.)

டாக்டர் சொல்லும்வரை சோறு, பால் எதுவும் வைக்க வேண்டாம், மயக்க மருந்து கொடுக்க வேண்டி வரலாம். போகும்போது ஜோடியில் மிச்சமிருக்கும் அந்த இன்னொரு சாக்ஸையும் எடுத்துப் போங்கள், உள்ளே இருப்பது எவ்வளவு பெரிசு என்று அவருக்குக் காட்ட.