பதினொரு ஊர், பன்னிரண்டு நாள், ஒரே ஒரு டிரைவர்

வாசகர் கேள்வி – பதில்: நியூசிலாந்தில் நாமே கார் ஓட்டிச் சுற்றுவது பற்றி வந்த கேள்விகள் இந்த முறை.

கேள்வி: ஏப்ரல் கடைசியில் பள்ளி விடுமுறை விட்டதும் நியூசிலாந்து போகிறோம். நான், மனைவி, 9 வயது மகன், 5 வயது மகள், அப்பா, அம்மா என ஆறு பேர். வெளிநாட்டில் கார் ஓட்டுவது எனக்கு இதுதான் முதல் தடவை. கையில் 12 நாள். ஆக்லாந்து, ரோட்டொருவா, வெல்லிங்டன், பிக்டன், கைகூரா, கிரைஸ்ட்சர்ச், டெகாப்போ, வனாக்கா, குவீன்ஸ்டவுன், மில்ஃபோர்ட் சவுண்ட், ஃபிரான்ஸ் ஜோசஃப் என்று பட்டியல் போட்டிருக்கிறேன். மேப்பில் பார்த்தால் எந்த நாளும் ஐந்து மணி நேரத்தைத் தாண்டவில்லை. சரியாக வருமா?
– வாசகர், கோயம்புத்தூர்

பதில்: வராது. மேப் காட்டும் ஐந்து மணி நேரம் என்பது யாருக்கும் பசிக்காமல், யாருக்கும் பாத்ரூம் வராமல், ஏரியைப் பார்த்து ‘நிறுத்துப்பா’ என்று ஒருவர்கூடச் சொல்லாமல் போனால் ஆகும் நேரம். நீங்கள் கோவைக்காரர், உங்களுக்கு இது சுலபமாகப் புரியும். பொள்ளாச்சியிலிருந்து வால்பாறை 64 கிலோமீட்டர்தான், அதை யாராவது ஒரு மணி நேரப் பயணம் என்று சொல்வார்களா? நியூசிலாந்திலும் சாலை பெரும்பாலும் போக ஒரு தடம், வர ஒரு தடம்தான். மலை ஏறி இறங்கும், ஏரியைச் சுற்றிக்கொண்டு போகும். வேக வரம்பு 100 என்று பலகை நிற்கும், வளைவில் 45 என்று மஞ்சள் பலகை நிற்கும். மேப் சொல்வதோடு மூன்றில் ஒரு பங்கைக் கூட்டிக்கொள்ளுங்கள்.

இன்னொரு கணக்கையும் நீங்கள் போடவில்லை. அங்கே மோட்டல்களில் பொதுவாகக் காலை பத்து மணிக்கு அறையைக் காலி செய்ய வேண்டும், அடுத்த ஊரில் மதியம் இரண்டு மணிக்குத்தான் சாவி தருவார்கள். நீங்கள் போகும் சமயம் அங்கே இலையுதிர் காலத்தின் கடைசி, தெற்கே எட்டு மணி வாக்கில்தான் விடியும், ஐந்தரைக்கெல்லாம் இருட்டிவிடும். ஆக, ஆறு பேர் பல் தேய்த்து, பெட்டி கட்டி, டிக்கியில் அடுக்கி, சாலையில் ஏறி, வெளிச்சம் இருக்கும்போதே அடுத்த ஊர் போய்ச் சேர உங்களிடம் இருப்பது ஏழு மணி நேரம். இதைத் தினமும் செய்தால் ஊருக்குத் திரும்பிய பிறகு நினைவில் நிற்பது டிக்கி மட்டும்தான். நான் முதல் தடவை போனபோது ஒன்பது இரவுக்கு எட்டு ஊர் போட்டேன். அதில் இரண்டு ஊர்களில் பார்த்தது மோட்டல் வாசலையும் பெட்ரோல் பங்க்கையும்தான்.

அதனால் வடக்குத் தீவை, அதாவது உங்கள் பட்டியலில் ஆக்லாந்து, ரோட்டொருவா, வெல்லிங்டனை, மொத்தமாக அடித்துவிடுங்கள். ஆக்லாந்திலிருந்து வெல்லிங்டனே 640 கிலோமீட்டர், அதற்கு மேல் பிக்டனுக்குக் கப்பலில் மூன்றரை மணி நேரம், கார் ஏற்ற இறக்கக் காத்திருப்பது தனி. சிங்கப்பூர் வழியாக நேரே கிரைஸ்ட்சர்ச்சில் போய் இறங்குங்கள், அங்கேயே கிளம்பி அங்கேயே முடியுங்கள். எடுத்த ஊரிலேயே காரைத் திருப்பி விட்டால் வேறு ஊரில் விடுவதற்கான கூடுதல் கட்டணமும் கிடையாது. போக வர விமானத்துக்கு இரண்டு நாள் போனால் மிச்சம் பத்து இரவு. நானாக இருந்தால் கிரைஸ்ட்சர்ச்சில் 1, டெகாப்போவில் 2, குவீன்ஸ்டவுனில் 3, டனீடினில் 2, ஓமாருவில் 1, கடைசியாக மறுபடி கிரைஸ்ட்சர்ச்சில் 1 என்று போடுவேன்.

முதல் நாள் விமானத்திலிருந்து இறங்கியதும் ஸ்டீயரிங்கைத் தொடாதீர்கள். விமான நிலையத்துக்குப் பக்கத்திலேயே தங்கி, தூங்கி எழுந்து, மறுநாள் காலை போய்க் காரை எடுங்கள். அன்றைக்கு டெகாப்போ 225 கிலோமீட்டர், பெரும்பகுதி சமவெளி, புது வண்டியில் கை பழக அதைவிட நல்ல சாலை கிடைக்காது. டெகாப்போவில் இரண்டு இரவு தங்குவதால் நடுவில் ஒரு நாள், டிக்கியைத் திறக்காமல், மவுண்ட் குக் கிராமத்துக்குப் போய் வரலாம். ஒரு வழி 105 கிலோமீட்டர், பாதித் தூரத்துக்குப் புகாக்கி ஏரி கூடவே வரும், அதன் தலைமாட்டில் 3,724 மீட்டர் மலை நிற்கும். அப்பா, அம்மா நடக்க வேண்டிய அவசியமே இல்லை, கார் கண்ணாடி வழியாகவே பார்க்கலாம். வானம் தெளிவாக இருந்தால் அன்றிரவு பிள்ளைகளைப் போர்வையோடு வெளியே கூட்டிவந்து நட்சத்திரம் காட்டுங்கள். அந்தப் பகுதியே 2012 முதல் இருள்வானக் காப்பகம், தெருவிளக்கைக்கூட அடக்கித்தான் வைத்திருக்கிறார்கள்.

குவீன்ஸ்டவுனில் மூன்று இரவு எதற்கு என்றால், செங்குத்து மலைகளுக்கு நடுவே கடல் புகுந்து நிற்கிற மில்ஃபோர்ட் சவுண்டுக்காக. நேர்கோட்டில் எழுபது சொச்சம் கிலோமீட்டர்தான், சாலையில் 288. நடுவில் 1.2 கிலோமீட்டருக்கு மலையைக் குடைந்த ஹோமர் சுரங்கம், மேலே பனிச்சரிவு வரும் சரிவுகள், மே மாதத்திலிருந்து டயருக்குச் சங்கிலி வண்டியில் வைத்திருக்கச் சொல்லும் பலகை. முதல் தடவை ஓட்டுகிறவர் ஒரே நாளில் 576 கிலோமீட்டர் அந்தப் பாதையில் ஓட்ட வேண்டாம். பஸ்ஸில் போங்கள். நாள் முழுக்க ஆகும், காசும் ஆகும், ஆனால் அன்று ஒரு நாளாவது நீங்களும் ஜன்னல் வழியாக மலையைப் பார்ப்பீர்கள் (ஓட்டுகிறவன் தார் ரோட்டை மட்டும் பார்த்துவிட்டு வருகிறான் என்பதை யாரும் யோசிப்பதே இல்லை). மழை என்றால் முகம் வாட வேண்டாம், வருடத்துக்கு 6,000 மில்லிமீட்டருக்கு மேல் கொட்டுகிற இடம் அது, பெய்தால்தான் பாறை முழுக்க அருவி.

பனியாறு இருக்கும் ஃபிரான்ஸ் ஜோசஃபை விடச் சொல்ல எனக்கே மனசில்லை. ஆனால் அங்கிருந்து கிரைஸ்ட்சர்ச் திரும்ப 390 கிலோமீட்டர், மலைக் கணவாய் வேறு. ஐந்து வயதுக் குழந்தையோடும் பெரியவர்களோடும் குளிர் தொடங்குகிற சமயத்தில் கிழக்குக் கடற்கரைதான் வசதி. டனீடினிலிருந்து ஓமாரு 115 கிலோமீட்டர்தான், வழியில் மொயராக்கி கடற்கரையில் ஆள் உயர உருண்டைப் பாறைகள் கிடக்கும், பிள்ளைகள் கிளம்ப மாட்டார்கள். ஓமாருவில் இருட்டியதும் முப்பது சென்டிமீட்டர் உயர நீலப் பென்குயின்கள் கரையேறும். குளிர் மாதங்களில் எண்ணிக்கை குறைவுதான், ஆனால் சீக்கிரம் இருட்டிவிடுவதால் உங்கள் மகள் தூங்குவதற்குள் பார்த்துவிடலாம்.

கடைசியாக, நீங்கள் கேட்காத ஒன்று: பெட்டி. ஆறு பேர் என்றதும் ஏழு சீட் வண்டி போதும் என்று புக் செய்வீர்கள். கடைசி வரிசை சீட்டை நிமிர்த்திவிட்டால் பல ஏழு சீட் வண்டிகளில் டிக்கி என்று ஒன்றே இருக்காது, இரண்டு கைப்பெட்டி செருகலாம், அவ்வளவுதான். நான் அந்த வண்டியை எடுத்து, ஐந்து பெரிய பெட்டியோடு பார்க்கிங்கில் நின்று, எப்படி எப்படியோ அடுக்கி, கடைசியில் அம்மா டெகாப்போ வரை மடியில் ஒரு பெட்டியை வைத்துக்கொண்டு வந்தார். ஒன்று வேன் மாதிரியான எட்டு சீட் வண்டி எடுங்கள், இல்லை இரண்டு பேருக்கு ஒரு பெட்டி என்று வீட்டிலேயே சட்டம் போடுங்கள். மகளுக்குக் குழந்தை சீட் கட்டாயம், ஏழு வயது வரைக்கும் அங்கே சட்டமே அதுதான். காரோடு சேர்த்து அதையும் புக் செய்யுங்கள்.

கேள்வி: அங்கேயும் இடது பக்கம்தானே ஓட்டுகிறார்கள்? 20 வருடமாக ஓட்டுகிறேன், புதிதாகக் கற்றுக்கொள்ள என்ன இருக்கிறது?
– வாசகர், மதுரை

பதில்: இடது பக்கம்தான், ஸ்டீயரிங் வலது பக்கம்தான். ஜப்பான் வண்டி கிடைத்தால் இண்டிகேட்டர்கூட நம் ஊர் மாதிரி வலது கையில் இருக்கும். ஐரோப்பிய வண்டி என்றால் முதல் நாள் முழுக்க இண்டிகேட்டருக்குப் பதில் வைப்பரைப் போட்டுக்கொண்டிருப்பீர்கள். கஷ்டம் அதில் இல்லை, 20 வருடப் பழக்கத்தில் இருக்கிறது. நாம் ஹெட்லைட் அடித்தால் ‘நான் வருகிறேன், நில்’. அங்கே எதிரில் வருபவர் அடித்தால் பெரும்பாலும் ‘நீங்கள் போங்கள்’. ஸ்டாப் என்று போட்டிருந்தால் சாலை காலியாக இருந்தாலும் சக்கரம் முழுசாக நிற்க வேண்டும். ரவுண்டானாவில் வலது பக்கத்திலிருந்து வருபவருக்கு வழி விட வேண்டும், மூக்கை நுழைக்கிறவருக்கு முதலிடம் என்கிற நம் ஊர்ச் சட்டம் செல்லாது.

புதிது என்றால் ஒற்றைத்தடப் பாலம். நெடுஞ்சாலையில் நன்றாகப் போய்க்கொண்டே இருப்பீர்கள், திடீரென்று ஒரு வண்டி மட்டும் போகிற அகலத்தில் ஆற்றுப்பாலம் வரும். சிவப்பு வட்டத்துக்குள் உங்கள் பக்கத்து அம்பு சின்னதாகச் சிவப்பில் இருந்தால் நீங்கள் நிற்க வேண்டும். நீலப் பலகையில் உங்கள் அம்பு பெரிதாக வெள்ளையில் இருந்தால் உங்களுக்கு முன்னுரிமை, ஆனாலும் எதிரில் பார்த்துவிட்டுத்தான் ஏற வேண்டும். அப்புறம், மலைப்பாதையில் உங்களுக்குப் பின்னால் நாலு வண்டி சேர்ந்துவிட்டால் ரோஷப்பட்டு வேகம் பிடிக்காதீர்கள், ஒதுங்க இடம் வந்ததும் ஓரம் கட்டி விட்டுவிடுங்கள். அங்கே அதுதான் மரியாதை.

மலை மேல் கியா என்று ஒரு பச்சைக் கிளி இருக்கிறது. காரை நிறுத்திவிட்டுப் போட்டோ எடுக்கப் போனால் ஜன்னல் ரப்பரைக் கொத்தி உரித்துவிடும். அழகாகத்தான் இருக்கும், நம்பாதீர்கள்.

கேள்வி: நம் ஊர் லைசென்ஸ் போதுமா, சர்வதேச பர்மிட் வாங்க வேண்டுமா?
– வாசகி, திருச்சி

பதில்: லைசென்ஸ் ஆங்கிலத்தில் இருந்தால் சுற்றுலாப் பயணிக்கு அதுவே போதும் என்பதுதான் அங்கத்திய சட்டம். நம்முடைய கார்டு ஆங்கிலத்தில்தான் இருக்கிறது. ஆனாலும் பர்மிட்டை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள், வாடகைக் கம்பெனி கவுண்டரில் இருப்பவர் கேட்டுவிட்டால் அங்கே நின்று சட்டம் பேச முடியாது. ஆர்.டி.ஓ.வில் பரிவாகன் தளம் வழியாக விண்ணப்பிக்கலாம், 1,000 ரூபாய், ஒரு வருடம் செல்லும். பர்மிட் இருக்கிறது என்று ஒரிஜினல் லைசென்ஸை வீட்டில் வைத்துவிட்டுப் போகாதீர்கள், போனில் இருக்கும் படத்தையும் நம்ப வேண்டாம். கார்டுதான் வேண்டும்.

கேள்வி: வாடகையிலேயே இன்சூரன்ஸ் சேர்ந்திருக்கிறது என்கிறார்கள். பிறகு ஏன் கவுண்டரில் மறுபடி இன்சூரன்ஸ் விற்கிறார்கள்?
– வாசகர், சேலம்

பதில்: சேர்ந்திருக்கும் இன்சூரன்ஸில், சேதம் ஆனால் முதல் சில ஆயிரம் நியூசிலாந்து டாலரை நீங்கள்தான் கட்ட வேண்டும். அந்தத் தொகைக்கு உங்கள் கிரெடிட் கார்டில் பிடித்தும் வைப்பார்கள். கார்டு ஓட்டுகிறவர் பெயரில் இருக்க வேண்டும், வெளிநாட்டுப் பரிவர்த்தனை இயக்கத்தில் இருக்க வேண்டும், அந்த அளவுக்கு லிமிட் மிச்சம் இருக்க வேண்டும். டெபிட் கார்டையும் ஃபாரெக்ஸ் கார்டையும் பல இடங்களில் இதற்கு வாங்க மாட்டார்கள். எனக்கு நடந்தது: முன்னால் போன லாரியிலிருந்து ஜல்லி தெறித்துக் கண்ணாடியில் மிளகு அளவுக்கு ஒரு புள்ளி. அங்கே சாலைகளில் தாரின் மேல் ஜல்லியைத் தூவித்தான் அழுத்துகிறார்கள், புதிதாகப் போட்ட இடத்தில் தெறிக்கும். நான் எடுத்திருந்த மலிவான திட்டத்தில் கண்ணாடியும் டயரும் கிடையாது என்பது திருப்பிக் கொடுக்கும்போதுதான் தெரிந்தது, முழுக் கண்ணாடிக்கும் பணம் பிடித்தார்கள். சண்டை போட்டேன், கையெழுத்து என்னுடையதாக இருந்தது. முதல் பயணத்துக்கு முழுத் திட்டத்தையே எடுங்கள், ஆனால் கவுண்டரில் அல்ல, புக் செய்யும்போதே விலையை ஒப்பிட்டுப் பார்த்து எடுங்கள். வண்டியை எடுக்கும்போது நாலு பக்கமும், சக்கரமும், கூரையும் வீடியோ எடுத்துக்கொள்ளுங்கள். டீசல் வண்டி என்றால் ஓடிய கிலோமீட்டருக்குச் சாலை வரி தனியாக வசூலிப்பார்கள், அதையும் கேட்டு வையுங்கள்.

கேள்வி: பருப்புப் பொடி, புளிக்காய்ச்சல், ஊறுகாய் எடுத்துப் போகலாமா?
– வாசகி, கும்பகோணம்

பதில்: எடுத்துப் போகலாமா என்பதைவிட, சொல்லிவிட்டு எடுத்துப் போகிறோமா என்பதுதான் விஷயம். வருகைப் படிவத்தில் உணவு இருக்கிறது என்று குறித்துவிட்டால் அதிகாரி பார்ப்பார், வேண்டாம் என்றால் குப்பையில் போடுவார், அதோடு சரி. சொல்லாமல் மாட்டினால் அங்கேயே 400 நியூசிலாந்து டாலர் அபராதம், கைப்பையில் மறந்துபோன ஒரு ஆப்பிளுக்குக்கூட. தேன், பழம், பச்சைக் கறிவேப்பிலை வேண்டவே வேண்டாம். நெய்யையும் பால் இனிப்பையும் விட்டுவிட்டுப் போங்கள். பொடிகளைக் கடைப் பாக்கெட்டிலேயே, பிரிக்காமல், எல்லாம் ஒரே பையில் வையுங்கள். அம்மாவின் சம்படத்தைத் திறந்து மோந்து பார்த்த அதிகாரி தும்மிவிட்டுத் திருப்பிக் கொடுத்தது எங்கள் அதிர்ஷ்டம். அரிசி, தயிர், காய்கறி அங்கே எந்த சூப்பர் மார்க்கெட்டிலும் கிடைக்கும், மோட்டல் அறைகளில் பெரும்பாலும் சின்ன சமையல் மேடை உண்டு. குக்கர் கொண்டு போனால் பிளக்குக்கு அடாப்டர் வேண்டும், மின்சாரம் நம் ஊர் மாதிரி 230 வோல்ட்தான்.

கேள்வி: எனக்கும் நன்றாக ஓட்டத் தெரியும், ஆனால் வெளிநாட்டில் ரிஸ்க் வேண்டாம் என்று கணவர் ஸ்டீயரிங்கைத் தர மாட்டேன் என்கிறார். என்ன சொல்வது?
– வாசகி, சென்னை

பதில்: பத்து நாள் ஒருவரே ஓட்டுவதுதான் ரிஸ்க் என்று சொல்லுங்கள். உங்கள் லைசென்ஸையும் கையோடு எடுத்துப் போய், ஒப்பந்தத்தில் இரண்டாவது டிரைவராகப் பெயர் சேர்க்கச் சொல்லுங்கள். பெயர் இல்லாதவர் ஓட்டி ஏதாவது ஆனால் இன்சூரன்ஸ் செல்லாது. எங்கள் பயணத்தில், டெகாப்போவிலிருந்து குவீன்ஸ்டவுன் போகும் வழியில் வரும் லிண்டிஸ் கணவாயில் என் மனைவிதான் ஓட்டினார். அவ்வளவு அழகான இடத்தில் நான் வாயைத் திறந்துகொண்டு தூங்கினதைப் பின் சீட்டிலிருந்து பையன் எடுத்த போட்டோ இன்னும் குடும்ப வாட்ஸ்அப்பில் இருக்கிறது.