மோசமான வாத்தியாரை வைத்துக் காமெடித் தொடர் எடுத்தால் பாதிப் பேர் சிரிக்கிறார்கள், பாதிப் பேர் திட்டுகிறார்கள். ஏன்?

கேள்வியின் சுருக்கம்: காரைக்குடி நண்பர்கள் சேர்ந்து, பாடமே நடத்தாத ஒரு கணக்கு வாத்தியாரை நாயகனாக்கி யூடியூபுக்கு ஒரு சிட்காம் எடுத்திருக்கிறீர்கள். முதல் எபிசோடு 24 நிமிடம். கல்லூரிப் பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். ஊர்ப் பெரியவர்களும் ஆசிரியர்களும் கொதித்துப்போனார்கள். வெளிநாட்டுத் தொடர்களுக்கும் இப்படித்தான் நடந்ததா, இரண்டாம் எபிசோடில் எதை மாற்றலாம் என்று கேட்டிருக்கிறீர்கள்.

அங்கேயும் இப்படித்தான். 2011இல் வந்த ‘பேட் டீச்சர்’ படத்தை வைத்து அமெரிக்காவின் சிபிஎஸ் சேனல் அதே பெயரில் ஒரு தொடர் எடுத்தது. 2014 ஏப்ரல் 24 அன்று தொடங்கியது. மூன்று எபிசோடு ஒளிபரப்பானதும் மே 10ஆம் தேதி நிறுத்துவதாக அறிவித்தார்கள். எடுத்து வைத்திருந்த மொத்தம் 13. ஆரி கிரேனர் நடித்த நாயகி, விவாகரத்தில் கையில் காசில்லாமல் நிற்பவள். பணக்காரத் தகப்பன் ஒருவரை வளைத்துப்போடப் பொய்ச் சான்றோடு பள்ளிக்குள் நுழைகிறாள். படம் பெரியவர்களுக்கானது, எல்லை மீறிப் பேசலாம். வீட்டுக் கூடத்தில் ஓடும் சேனலில் அது முடியாது. அதனால் அந்தக் காரத்தைத் தேடி வந்தவர்களுக்குத் தொடர் சப்பென்று போனது. கருவே பிடிக்காதவர்களுக்குக் காரம் குறைந்தும் பிடிக்கவில்லை.

இதற்கு நேர் எதிர் பிபிசி த்ரீயில் 2012 முதல் 2014 வரை மூன்று சீசன் ஓடிய ‘பேட் எஜுகேஷன்’. ஜாக் வைட்ஹால் நடித்த ஆல்ஃபி விக்கர்ஸ் என்ற வரலாற்று வாத்தியார் வகுப்பிலேயே பெரிய குழந்தை. பாடம் தெரியாது, பொறுப்பு கிடையாது, ஆனால் பிள்ளைகள் மேல் உயிர். 2015இல் படமாகவும் வந்தது. பின்னால் அந்த வகுப்புப் பிள்ளைகள் இருவரையே வாத்தியார்களாக்கி மறுபடி தொடங்கினார்கள். கொச்சைப் பேச்சு பிடிக்காமல் முகம் சுளித்தவர்கள் இதற்கும் உண்டு. ஆனாலும் தொடர் நிலைத்து நின்றது.

இரண்டுக்கும் வித்தியாசத்தை நம் நன்னூல் அழகாகப் பிரித்துக் காட்டுகிறது. எட்டு நூற்றாண்டுக்கு முன்னால் பவணந்தியார், யார் ஆசிரியர் ஆகக் கூடாது என்று ஒரு நூற்பாவே எழுதிவைத்தார். அதில் இரண்டு வகைக் குறை இருக்கிறது. ‘அழுக்காறு அவா வஞ்சம் அச்சம் ஆடலும்’ என்பது ஒன்று: பொறாமை, பேராசை, வஞ்சகம், கேட்பவர் பயப்படும்படி பேசுவது. இவை மனசின் கோளாறு. அடுத்து ‘கழற்குடம் மடற்பனை பருத்திக் குண்டிகை முடத்தெங்கு’ என்று நான்கு உவமை. இவை பாடம் சொல்லும் விதத்தில் வரும் கோளாறு. காமெடிக்கு எழுதிக் கொடுத்ததுபோல் இருப்பது இந்த இரண்டாம் வகைதான். முதல் வகையைத் தொட்டால் சிரிப்பு உடனே இரண்டாகப் பிளக்கும். ஏனென்றால் அங்கே நட்டப்படுவது பிள்ளை.

உங்கள் எபிசோடில் வாத்தியார் ஒரு பையனைப் பெஞ்சு மேல் ஏற்றி, அவன் அப்பா செய்யும் தொழிலைச் சொல்லிக் கேலி செய்கிறார். அது அச்சம், வஞ்சம் இரண்டும் சேர்ந்தது. கல்லூரிப் பிள்ளைகளுக்கு அது தப்பித்து வந்த இடத்தின் ஞாபகம், சிரித்துவிடுவார்கள். வீட்டில் எட்டாவது படிக்கும் பிள்ளையை வைத்திருக்கும் ஆத்தாவுக்கு அது நாளைக் காலைக் கவலை. கட்டாயக் கல்விச் சட்டம் 2009, 17ஆம் பிரிவு, பிள்ளையை அடிப்பதையும் மனசு நோகடிப்பதையும் வெளிப்படையாகவே தடை செய்கிறது. அதை வேடிக்கையாகக் காட்டினால் ஆசிரியர்கள் கோபப்படுவது நியாயம். அந்தக் காட்சியை எடுத்துவிடுங்கள். மெருகேற்றிப் பயனில்லை.

அதற்குப் பதில் நான்கு உவமைகளையும் நான்கு பாத்திரங்களாக்கிப் பாருங்கள். கழற்குடம்: கழற்சிக்காய் நிரப்பிய குடத்தைக் கவிழ்த்தால் போட்ட வரிசையில் வராது. இவர் ஜூன் மாதம் கடைசிப் பாடத்தில் தொடங்குபவர். காலாண்டுத் தேர்வுக்கு முதல் நாள் முதல் பாடத்துக்கு வந்து சேர்வார். மடற்பனை: தானாகக் கனி விழுந்தால் உண்டு, ஏறிப் பறிக்க முடியாது. வகுப்பில் சந்தேகம் கேட்டால் கருக்கு மட்டை மாதிரிக் கிழிப்பார், டீக்கடையில் கேட்காமலே தேற்றத்தை நிரூபித்துக் காட்டுவார். பருத்திக் குண்டிகை: பஞ்சை அடைத்த குடுக்கை, உள்ளே போவதும் சிரமம், வெளியே வருவதும் சிரமம். தங்கப் பதக்கம் வாங்கியவர், ஒரு பீரியடுக்கு இரண்டு வரிக்கு மேல் வாயில் வராது. முடத்தெங்கு: வேர் நம் தோட்டத்தில், காய் அடுத்த வீட்டில். வகுப்பில் தூங்கி, சாயங்காலம் டியூஷனில் வெளுத்து வாங்குபவர். நால்வரில் பெற்றோரின் வயிற்றெரிச்சலை நேராகத் தொடுவது இவர்தான்; இவரை நாயகனாக்காமல் எதிராளியாக வையுங்கள்.

சரி, முதல் வகைக் குறையை வைத்து எடுக்கவே முடியாதா? முடியும், விலை கொடுத்தால். என்பிசியில் 2018இல் வந்த ‘ஏபி பயோ’ முழுக்க அழுக்காறுதான். தத்துவப் பேராசிரியர் ஒருவர் வேலை போய், ஓஹையோ மாநிலம் டொலீடோவில் உயிரியல் எடுக்க வருகிறார். உயிரியல் நடத்த மாட்டேன், என் போட்டியாளரை ஒழிக்க எனக்கு உதவுங்கள் என்கிறார் பிள்ளைகளிடம். தொடக்கத்தில் கலவையான வரவேற்பு. பிறகு பழிவாங்கும் கதையைக் குறைத்து, பிள்ளைகளுக்கும் உடன் வேலை செய்யும் ஆசிரியைகளுக்கும் இடம் கொடுத்தார்கள். 2019இல் சேனல் கைவிட்ட பின் பீகாக் தளம் எடுத்துக்கொண்டு இன்னும் இரண்டு சீசன், எட்டெட்டு எபிசோடு போட்டது. அதைக் காப்பாற்றியது ஒரு முடிவு என்பேன்: அந்த வகுப்புப் பிள்ளைகள் கெட்டிக்காரர்கள், வாத்தியாரின் திட்டம் தோற்கும்போது அவர்கள் தோற்பதில்லை. வீரமாமுனிவரின் பரமார்த்த குரு கதை இத்தனை காலம் நிற்பதும் இதனால்தான். குருவும் ஐந்து சீடரும் ஒரே தராசில் நிற்கும் மூடர்கள். அங்கே ஏமாந்த பிள்ளை என்று யாரும் இல்லை.

திருத்தும் வேலையை இப்படிச் செய்யலாம். ஸ்கிரிப்டை அச்செடுத்து, ஒவ்வொரு ஜோக்குக்கும் பக்கத்தில் ‘நட்டம் யாருக்கு’ என்று எழுதுங்கள்: வாத்தியார், எச்.எம்., சக ஆசிரியர், பிள்ளை. பிள்ளை என்று வருபவற்றில், அதே காட்சிக்குள் அவன் ஒரு அடியாவது திருப்பிக் கொடுக்காத ஜோக்கை வெட்டுங்கள். 24 நிமிடத்தில் அப்படி ஒன்று மிஞ்சினாலும் பின்னூட்டம் முழுக்க அதைப் பற்றியே இருக்கும். பிறகு ஷூட்டிங்குக்கு முன் உரக்கப் படித்துக் காட்டுங்கள். கேட்பவர்களில் வேலையில் இருக்கும் ஆசிரியர் இருவர், பிளஸ் டூ படிப்பவர் இருவர், பெற்றோர் ஒருவர் இருக்கட்டும். ஆசிரியர்கள் சும்மா இருக்க மாட்டார்கள், சரக்கு கொடுப்பார்கள்: எச்.எம். கையெழுத்துக்காகத் திங்கட்கிழமை காலை அவசரமாக எழுதப்படும் பாடக்குறிப்பு, பி.டி. பீரியடைக் கடன் வாங்கும் கணக்கு வாத்தியார், மாவட்டக் கல்வி அதிகாரியான சி.இ.ஓ. வரும் நாளில் மட்டும் சுவரில் முளைக்கும் சார்ட்டுகள். அமைப்பைப் பார்த்துச் சிரிக்கிற ஜோக்குக்கு ஆசிரியர்களே முதலில் சிரிப்பார்கள்.

எடிட்டிங்கிலும் ஒரு பிழை. வாத்தியாரின் கடுமையான வசனம் முடிந்ததும் கேமரா பையனின் குனிந்த தலையில் நிற்கிறது. அந்த இரண்டு நொடியில் பார்ப்பவர் மனசு மாறிவிடும். அதே இடத்தில் பக்கத்துப் பெஞ்சு பிள்ளைகள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்வதைச் சேர்த்து வையுங்கள். வாத்தியாரை அவர்கள் எடைபோட்டுவிட்டார்கள் என்று புரியும்.

செட்டிநாட்டுக்கென்றே ஒன்று. எச்.எம். அறைச் சுவரில் மாலை போட்ட நிறுவனர் படம் தொங்குகிறது. இந்த ஊரில் பல பள்ளி கல்லூரிகள் யாரோ ஒரு குடும்பம் கொடுத்த இடத்திலும் பணத்திலும் நிற்பவை. 1947இல் அழகப்பச் செட்டியார் தொடங்கிய கல்லூரியை இன்றைக்கும் அவர் பெயர் சொல்லித்தான் பேசுவோம். அப்படி ஒரு படத்துக்குக் கீழே எச்.எம். தூங்கினால், உங்கள் கற்பனை வாத்தியார் மறைந்து ஒரு குடும்பத்தின் தர்மம் கேலிக்கு வந்துவிடுகிறது. படத்தைக் கழற்றுங்கள். சீருடை நிறம் சுற்றுவட்டாரத்தில் எந்தப் பள்ளிக்கும் பொருந்தாததாக இருக்கட்டும்.

சிரிக்காதவர்களில் சிலருக்கு வசனமே கேட்டிருக்காது என்பதும் உண்மை. வாத்தியார் வீட்டுக் காட்சிகளை வளவில், அதாவது வீட்டு நடு முற்றத்தில், எடுத்திருக்கிறீர்கள். வழவழப்பான சுண்ணாம்புச் சுவர், ஆத்தங்குடிக் கல், மேலே திறந்த வானம். எதிரொலியில் கடைசிச் சொல் கரைந்துபோகிறது, ஜோக் இருப்பதோ அந்தச் சொல்லில். கேமராவில் படாத தரையெல்லாம் ஜமுக்காளம் விரியுங்கள், இரண்டு தூணுக்கு நடுவே கம்பளி கட்டுங்கள், காலர் மைக்கைத் தாடைக்கு ஒரு சாண் கீழே குத்துங்கள்.

கடைசியாகப் பிள்ளைகள் விஷயம். 14 வயதுக்குக் கீழே உள்ளவரை நடிக்கவைக்க மாவட்ட ஆட்சியரின் அனுமதி வேண்டும், காரைக்குடிக்குச் சிவகங்கை. ஒரு நாளில் ஐந்து மணி நேரத்துக்கு மேல் கூடாது, இடைவெளி விடாமல் மூன்று மணி நேரத்துக்கு மேல் கூடாது, கிடைக்கும் பணத்தில் 20 சதவீதமாவது பிள்ளை பெயரில் நிரந்தர வைப்பில் போடவேண்டும். இந்தக் காகிதம் கைக்கு வந்த பிறகு இரண்டாம் எபிசோடுக்குத் தேதி குறியுங்கள்.