அன்வார் மேல் கோபம் என்றால் சேமநிதியை எடுத்துவிடலாமா?

கேள்வி: பினாங்கு பாயான் லெப்பாசில் ஒரு சிப் தொழிற்சாலையில் சூப்பர்வைசராக இருக்கிறேன். அடுத்த மாதம் 55 வயது. ஊழியர் சேமநிதியில் (இபிஎஃப்) 240,000 வெள்ளி (ரிங்கிட்) இருக்கிறது. “அமெரிக்காவோடு வர்த்தக ஒப்பந்தம் போட்டுப் பிரதமர் அன்வார் நாட்டையே அடகு வைத்துவிட்டார். ரிங்கிட் விழுவதற்குள் எல்லாவற்றையும் எடுத்து நகை வாங்கிப் போடு” என்கிறார் மச்சான். செய்யலாமா? (வாசகர், பட்டர்வொர்த்)

பதில்: உங்கள் மச்சான் சொல்லும் குறையில் நியாயமே இல்லை என்று சொல்ல மாட்டேன். 2025 ஏப்ரலில் டிரம்ப் நம் மலேசியப் பொருள்களுக்கு 24 விழுக்காடு வரி என்றார், ஜூலையில் 25 என்றார், ஆகஸ்டில் அது 19-இல் வந்து நின்றது. அக்டோபர் 26-ஆம் தேதி கோலாலம்பூரில் அன்வார் அந்த ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டார். சில பொருள்களுக்கு விலக்குக் கிடைத்ததே தவிர, மற்றவற்றுக்கு அப்போதும் அதே 19தான். பதிலுக்கு, அரிய மண் தாதுக்கள் அமெரிக்கா போவதைத் தடுக்க மாட்டோம் என்று நாம் வாக்குக் கொடுத்தோம். கொடுத்தது அதிகம் என்பதுதான் என் எண்ணமும். 2025 ஜூலையில் எஸ்எஸ்டி எனும் விற்பனை, சேவை வரியை விரித்ததில் கடைக்காரர்களுக்கும் எரிச்சல்.

சரி, அதற்காகச் சேமநிதியை ஏன் காலி செய்ய வேண்டும்?

1998-ஐ நினைத்துப் பாருங்கள். அதற்கு முந்தைய ஆண்டு பாதி வரை 2.50 வெள்ளிக்குக் கிடைத்த டாலர், அந்த ஜனவரியில் 4.88-ஐத் தொட்டது. செப்டம்பரில் அப்போதைய பிரதமர் மகாதீர் அதை 3.80-இல் கட்டிப்போட்டார். நாடு குட்டிச்சுவராகப் போகும் என்று உள்ளூரிலும் வெளியூரிலும் பேசினார்கள். (நிதியமைச்சராக இருந்து அப்போது பதவி பறிபோனவர் இதே அன்வார்.) அந்த ஆண்டு பொருளாதாரம் 7 விழுக்காட்டுக்கு மேல் சுருங்கியது. அப்போதும் சேமநிதி கொடுத்த லாப ஈவு 6.70 விழுக்காடு.

இன்னொன்று, பலருக்குத் தெரியாது. சேமநிதியின் முதலீட்டில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் வெளிநாட்டில் இருக்கிறது. ரிங்கிட் விழுந்தால் அந்தப் பங்கின் வெள்ளி மதிப்பு ஏறும். மச்சான் பயப்படும் ஆபத்துக்கு ஓரளவு காப்பு ஏற்கெனவே உங்கள் கணக்குக்குள்ளேயே இருக்கிறது. 2024-க்கான 6.30 விழுக்காட்டை வைத்துப் பார்த்தால், 240,000-க்கு ஓர் ஆண்டில் 15,120 வெள்ளி. சும்மா கிடக்கும் நகை இதைத் தராது.

தங்கம் ஏறியிருக்கிறது, உண்மைதான். ஆனால் மார்க்கெட் ஸ்திரீட்டில் சங்கிலி வாங்கினால் பில்லில் செய்கூலி தனியாக இருக்கும் பாருங்கள். திருப்பி விற்கப் போகும்போது அந்தப் பணம் போனது போனதுதான், எடைக்கு மட்டும்தான் விலை. ஆசைப்பட்டால் ஒரு 10,000 வெள்ளிக்குக் கட்டியாக வாங்குங்கள், அதற்கு மேல் வேண்டாம்.

எனக்குக் கவலை உங்கள் வேலையைப் பற்றித்தான். அந்த 19 விழுக்காடு சிப்புகளுக்குப் பொருந்தவில்லை, ஆனால் சிப்புகளுக்கென்று தனி வரி போடுவேன் என்று டிரம்ப் மிரட்டியவர். ஆர்டர் குறைந்தால் முதலில் ஓவர்டைம் போகும், அப்புறம் ஆட்குறைப்பு. சொக்சோ (சமூகப் பாதுகாப்பு நிறுவனம்) தரும் வேலைக் காப்புறுதி சில மாதம் கைகொடுக்கும், முழுச் சம்பளம் வராது.

அதனால் 55 ஆனதும் ஆறு மாதச் செலவுக்கான பணத்தை மட்டும் எடுத்து வங்கியில் நிரந்தர வைப்பில் போடுங்கள். மீதி, 55 வயதில் உங்கள் சேமநிதிப் பணம் போய்ச் சேரும் ‘அக்கவுன் 55’-இலேயே இருக்கட்டும். அதற்கும் லாப ஈவு உண்டு, வேண்டியபோது வேண்டிய அளவு எடுக்கலாம். 55-க்குப் பிறகு சம்பளத்தில் பிடிக்கும் சேமநிதி ‘அக்கவுன் எமாஸ்’ என்ற தனிக் கணக்குக்குப் போகும், அதை 60 வயதில்தான் எடுக்க முடியும். அதையும் கணக்கில் வைத்துக்கொண்டு எவ்வளவு எடுப்பதென்று முடிவு செய்யுங்கள்.