ஆட்டு உண்ணியும் இரத்தக்கசிவுக் காய்ச்சலும்: வாசகர் கேள்வி-பதில்

கேள்வி: மகன் ஓமானில் ஆட்டுப் பண்ணையில் நிற்கிறான். உண்ணி கடித்தால் இரத்தம் கசிந்து ஆளே போய்விடுமாம், உண்மையா? (ஏறாவூர் வாசகி)

பதில்: உண்மைதான் அம்மா. அது கிரிமியன்-கொங்கோ காய்ச்சல். ஓமானிலும் உண்டு, ஈராக்கில் 2022இல் பெரிதாகப் பரவியது. பிடித்தவர்களில் 100க்கு 10 முதல் 40 பேர் வரை இறக்கிறார்கள். தடுப்பூசி இன்னும் பாவனைக்கு வரவில்லை. வைரஸ் உள்ள ஆடு நோயாளியாகத் தெரியாது. ஒரு வாரமளவு இரத்தத்தில் வைரஸோடு, அது பாட்டுக்கு மேய்ந்துகொண்டிருக்கும்.

மகனுக்குச் சொல்லுங்கள்: வெளிர்நிற நீளக் காற்சட்டை போட்டு, அதன் நுனியைக் காலுறைக்குள் செருக வேண்டும், உண்ணி ஊர்ந்தால் கண்ணில் படும். வேலை முடிந்ததும் கக்கம், தொடையிடுக்கு, காதின் பின்புறம் பார்க்கட்டும். கடித்திருந்தால் கூரிய இடுக்கியால் தோலோடு ஒட்டிப் பிடித்து, முறுக்காமல் நேராக இழுத்து, சவர்க்காரம் போட்டுக் கழுவ வேண்டும். மண்ணெண்ணெயும் வேண்டாம், சூடும் வேண்டாம். நகத்தால் நசுக்கவே கூடாது. அதன் இரத்தம் விரல் வெடிப்பில் பட்டாலும் தொற்றும்.

கேள்வி: ஓமானில் குர்பான் இறைச்சி சாப்பிடலாமா? (அக்கரைப்பற்று)

பதில்: நன்றாக வேகவைத்தால் பயமில்லை. ஆபத்து அறுப்பவருக்கும் தோல் உரிப்பவருக்கும்தான். கையுறை, நீளக் கைச்சட்டை, கண்ணாடி மூன்றும் வேண்டும்.

கேள்வி: ஊர் திரும்பியபின் காய்ச்சல் வந்தால்? (வாழைச்சேனை)

பதில்: உண்ணி கடித்து 1 முதல் 3 நாளில், பிந்தினால் 9 நாளுக்குள் தொடங்கும். இரத்தம் பட்டிருந்தால் 13 நாள்வரை போகலாம். திடீர்க் காய்ச்சல், தலையிடி, முதுகுவலி, வெளிச்சம் பார்க்கக் கண் கூசுதல். பிறகு தோலில் கன்றல், முரசிலும் மூக்கிலும் இரத்தம். வைத்தியசாலைக்குள் நுழைந்ததும் முதல் வார்த்தையாக எந்த நாட்டில், எந்த மிருகத்தோடு வேலை என்று சொல்லுங்கள். சொல்லாவிட்டால் டெங்கு என்றே நினைப்பார்கள். ஊசி ஏற்றும் தாதியருக்கும் தொற்றிவிடும். அஸ்பிரின், புரூபன் கூடாது, இரத்தக்கசிவைக் கூட்டும்.

கேள்வி: எங்கள் வட்டையில் வருகிற எலிக்காய்ச்சலும் இதுதானா? (சம்மாந்துறை)

பதில்: இல்லை, அது பக்டீரியா. ஆனால் முற்றினால் அதிலும் நுரையீரலில் இரத்தம் கசியும். நம்மூர் விவசாயிக்கு உண்மையில் பக்கத்தில் நிற்கும் ஆபத்து எலிக்காய்ச்சல்தான். தடுக்க மருந்தும் இருக்கிறது. சுகாதார வைத்திய அதிகாரி பணிமனையில் கேட்டு, வயலில் இறங்க ஒரு வாரம் முன்பே தொடங்கி, வாரத்துக்கு ஒருமுறை டொக்சிசைக்கிளின் 200 மில்லிகிராம் எடுங்கள். சாப்பிட்டபின், நிறையத் தண்ணீரோடு, பாலோடு வேண்டாம். கர்ப்பிணிகள், பாலூட்டும் தாய்மார் வைத்தியரைக் கேட்காமல் தொடக்கூடாது. மருந்து எடுத்தவருக்கும் காய்ச்சலோடு கெண்டைக்கால் நோவு, கண் சிவப்பு, சிறுநீர் குறைவு கண்டால் அன்றைக்கே வைத்தியசாலைக்குப் போக வேண்டும்.