கமராவைத் திறந்துவிடுங்கள், ரீச்சர்

அன்புள்ள ஐயாவுக்கு,

வணக்கம். நான் ஓய்வுபெற்ற ஆசிரியை. பிறந்தது மெதடிஸ்த குடும்பம், வாழ்க்கைப்பட்டது சைவக் குடும்பம். இரண்டு வருடங்களாக இங்கிலாந்தில் உள்ள ஒரு யூனிட்டேரியன் சபையின் ஞாயிறு ஆராதனையை சூம் வழியாகக் கேட்டு வருகிறேன். அங்கே இருக்கும் என் தங்கையின் மகன்தான் இணைப்பை அனுப்பிவைத்தான். கடவுள் ஒருவரே என்று சொல்லித் திரித்துவத்தை ஏற்காத மரபு அவர்களுடையது. அவர்களுக்குக் காலை பதினொரு மணி. எனக்குக் கோடையில் மாலை மூன்றரை, குளிர்காலத்தில் நாலரை. விசுவாசப் பிரமாணம் எதையும் சொல்லச் சொல்வதில்லை. பைபிள் வாசிக்கிறார்கள், ஒருமுறை உபநிடதமும் வாசித்தார்கள். மனதுக்கு ஆறுதலாக இருக்கிறது.

என் ஆங்கிலம் அவ்வளவு சரளமில்லை. ஆகவே கமராவை மூடிவிட்டு ஓரமாக இருந்து கேட்பேன். ஆராதனை முடிந்து எல்லோரும் தேநீருடன் பேசத் தொடங்கும்போது வெளியேறிவிடுவேன். அவரவர் மகிழ்ச்சியையும் துயரத்தையும் சொல்லி மெழுகுதிரி ஏற்றும் நேரம் ஒன்று உண்டு. சென்ற மாதம் அந்த நேரத்தில், போன வருடம் காலமான என் கணவருக்காக வீட்டில் ஒரு திரி ஏற்றினேன். அவர்களுக்குத் தெரியாது.

"அது டிவி பார்க்கிற மாதிரி, வழிபாடு இல்லை. அதுவும் வெள்ளைக்காரன் நேற்றுக் கண்டுபிடித்த மதம்" என்கிறார் என் அண்ணன். திரையில் மட்டுமே பார்க்கும் ஒரு கூட்டத்தை என் சபை என்று நான் சொல்லலாமா? அவர்கள் கிறிஸ்தவர்களா, இல்லையா? ஊர்த் தேவாலயத்துக்கும் போய்க்கொண்டுதான் இருக்கிறேன். இரண்டு தோணியில் கால் வைப்பது தவறா?

ஒரு வாசகி, பெரியகல்லாறு

*

அன்புள்ள ரீச்சர்,

உங்கள் கடிதம் நல்ல நேரத்தில் வந்தது. இந்த வைகாசியில் எங்கள் பக்கத்துக் கண்ணகி அம்மன் கோயில் சடங்கை முகநூலில் நேரலையாகக் காட்டினார்கள். கதவு திறந்ததிலிருந்து குளிர்த்தி பாடி முடியும்வரை கனடாவிலும் சுவிஸிலும் இருக்கும் எங்கள் பிள்ளைகள் பார்த்தார்கள். கோயில் வாசலில் என் அருகே இருந்த ஒரு மூதாட்டி, "ஆர் ஆர் வந்திருக்கினம் எண்டு பார்த்துச் சொல்லு மகன்" என்றார். கைபேசியில் தெரிந்த பெயர்களை ஒவ்வொன்றாக வாசித்தேன். ஒவ்வொரு பெயருக்கும் இன்னாரின் பேரன், இன்னாரின் மருமகள் என்று சொல்லிக்கொண்டு வந்தார். ஏதோ பூனைப் படத்தையும் புனைபெயரையும் போட்டுக்கொண்டு வந்தவர்களை வாசித்தபோது மட்டும் வாய் திறக்கவில்லை. அன்றிலிருந்து அவருடைய அந்த மௌனத்தைப் பற்றி யோசித்துக்கொண்டிருக்கிறேன். இப்போது நீங்கள் எழுதியிருக்கிறீர்கள், கமராவை மூடிவிட்டு ஓரமாக இருப்பதாக.

சின்னக் கேள்விகளை முதலில் முடித்துவிடுகிறேன். அவர்கள் கிறிஸ்தவர்களா? சிலர் ஆம் என்பார்கள், சிலர் இல்லை என்பார்கள், ஒரே வாங்கில் பக்கத்தில் பக்கத்தில் இருந்துகொண்டே சொல்வார்கள். அவர்களுக்கே அது இடைஞ்சலாக இல்லாதபோது உங்களுக்கு ஏன் இருக்க வேண்டும்? இரண்டு தோணி விடயமும் அப்படித்தான். காலையில் ஊர்த் தேவாலயம், மாலையில் சூம். நேரம்கூட மோதவில்லை. மெதடிஸ்தராகப் பிறந்து சைவ வீட்டில் விளக்கேற்றி வாழ்ந்த நீங்கள் இதைக் கேட்டு எழுதியதுதான் எனக்கு வியப்பு.

உங்கள் அண்ணனுக்கு ஒரு செய்தி. 1553இல் மிகுவேல் செர்வேட்டஸ் என்ற மருத்துவரை ஜெனீவாவில் உயிரோடு எரித்தார்கள். ஒரே கடவுள் பிதா, மகன், தூய ஆவி என்று மூவராக இருக்கிறார் என்னும் திரித்துவத்தை மறுத்தார் என்பது அவர் மீதிருந்த குற்றங்களில் ஒன்று. திரான்சில்வேனியாவில் யூனிட்டேரியன் சபையை நிலைநிறுத்திய பெரன்ஸ் டேவிட் 1579இல் சிறையில் இறந்தார். நேற்றுக் கண்டுபிடித்த மதத்துக்கு இவ்வளவு பழைய கல்லறைகள் இருக்காது. வெள்ளைக்காரனின் மதம் என்பதற்கும் பதில் இருக்கிறது. சென்னையில் இன்றும் ஒரு யூனிட்டேரியன் சபை உண்டு. அதை 1795இல் தொடங்கியவர் வில்லியம் ராபர்ட்ஸ் என்ற பெயர் கொண்ட ஒரு தமிழர். வேலைக்காரனாக இங்கிலாந்துக்குப் போய், அங்கே யூனிட்டேரியன்களின் எழுத்தைப் படித்து, ஊர் திரும்பித் தன் மக்களுக்குத் தமிழில் பிரசங்கித்தவர். அண்ணன் பெருமைப்படும் மெதடிஸ்தம் மட்டக்களப்பில் கால் வைத்தது 1814இல். பத்தொன்பது வருடம் பிந்தி. இதை அவரிடம் மரியாதையாகச் சொல்லுங்கள்.

அந்த 1814ஐச் சற்று நினைத்துப் பாருங்கள். மெதடிஸ்த மிஷனரி வில்லியம் ஓல்ட் மட்டக்களப்புக்குத் தனியாக வந்தார். வரும் வழியிலேயே கப்பலில் மனைவியைப் பறிகொடுத்திருந்தார். குழுவின் தலைவர் தோமஸ் கோக்கும் கடலிலேயே இறந்துபோனார். மற்றத் தோழர்கள் யாழ்ப்பாணம், காலி, மாத்தறை என்று சிதறிப் போனார்கள். அவர் இங்கே பள்ளிக்கூடம் தொடங்கினார், அடுத்த வருடமே இங்கேயே இறந்தார். பெரியகல்லாற்றில் உங்கள் தேவாலய மணி அடிக்கிறது என்றால் அதன் வேர் அந்தத் தனி மனிதரில் இருக்கிறது. ஞாயிறுதோறும் ஒன்றாக உட்கார அவருக்கு ஆட்கள் இருக்கவில்லை. அவருடைய சபை கடலுக்கும் காட்டுக்கும் அப்பால் இருந்தது. அவர் சபையில்லாதவர் என்று உங்கள் அண்ணன் சொல்வாரா?

யூனிட்டேரியன்களுக்கோ இந்தத் தூரம் இன்னும் பழக்கமானது. இந்தியாவின் வடகிழக்கே காசி (Khasi) மலையில் ஹாஜோம் கிஸ்ஸோர் சிங் என்று ஒரு இளைஞர் இருந்தார். மிஷனரிகள் சொல்லிக்கொடுத்தது மனதுக்கு ஒப்பவில்லை. தனக்குத் தோன்றியதுபோலவே நினைப்பவர்கள் உலகில் இருக்கிறார்கள் என்று கேள்விப்பட்டு, கல்கத்தாவிலிருந்த சார்ல்ஸ் டோல் என்ற அமெரிக்கப் போதகருக்குக் கடிதம் எழுதினார். டோல் பதில் எழுதினார், புத்தகம் அனுப்பினார். 1886இல் டோல் இறந்துவிட்டார். இருவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்ததே இல்லை. அடுத்த வருடம் செப்டம்பர் 18ஆம் திகதி சிங் ஜோவாயில் விரல்விட்டு எண்ணக்கூடிய சிலரோடு முதல் ஆராதனையை நடத்தினார். அந்தச் சபைகள் இன்றும் அந்த மலைக் கிராமங்களில் காசி மொழியில் பாடுகின்றன. அதே காலத்தில் அமெரிக்காவில் சின்சினாட்டி நகரில் சாலி எல்லிஸ் என்ற பெண் இருந்தார். காது கேளாதவர், நோயாளி, பிரசங்கம் கேட்க முடியாதவர். அவர் 1881இலிருந்து முன்பின் தெரியாத மனிதர்களுக்குத் தபாலில் பிரசங்கங்களை அனுப்பி, அவர்களுடைய கடிதங்களுக்குப் பதில் எழுதி, தன் கடைசி நாள்வரை ஒரு சபையை நடத்தினார் என்றே சொல்ல வேண்டும். 1944இல் தேவாலயம் இல்லாத ஊர்களில் வாழ்பவர்களுக்காகவே தபால் வழிச் சபை ஒன்றை அமெரிக்க யூனிட்டேரியன்கள் அமைத்தார்கள். 2020இல் கொரோனா வந்து எல்லாத் தேவாலயங்களும் திரைக்குப் போனபோது, அவர்களுக்கு முக்கால் நூற்றாண்டுப் பழக்கம் இருந்தது.

ஆகவே தூரத்தை விட்டுவிடுவோம். நான் சண்டை பிடிக்க வந்தது வேறு ஒன்றுக்காக. சிங் கடிதம் எழுதினார், ரீச்சர். டோலுக்கு அவருடைய பெயர் தெரியும், அவருடைய சந்தேகம் தெரியும். நீங்கள் இரண்டு வருடமாக ஒரு கறுப்புச் சதுரமாக இருந்திருக்கிறீர்கள்.

இதை எழுதும்போது என் பெரியம்மா நினைவுக்கு வருகிறார். புளியந்தீவுக்காரர். மரியாள் பேராலயத்தில் அவருக்கென்று ஒரு வாங்கு உண்டு. 2019 ஏப்ரல் 21, உயிர்த்த ஞாயிறு, சீயோன் தேவாலயத்தில் குண்டு வெடித்தபோது என்ன நடந்தது என்பதை மட்டக்களப்பாருக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. ஞாயிறு பாடசாலை முடிந்து முற்றத்தில் நின்ற பிள்ளைகள். அதற்குமேல் எழுத எனக்குக் கை வரவில்லை. நாடெங்கும் திருப்பலிகள் நிறுத்தப்பட்டன. அடுத்த ஞாயிறு, 28ஆம் திகதி, கொழும்பில் கர்தினால் நிறைவேற்றிய திருப்பலியைத் தொலைக்காட்சியில் காட்டினார்கள். அன்று நான் பெரியம்மாவின் வீட்டில் இருந்தேன்.

அவர் குளித்து, கோயிலுக்கு உடுக்கும் வெள்ளைச் சேலையை உடுத்தி, முக்காடு போட்டுக்கொண்டு தொலைக்காட்சிக்கு முன்னால் வந்து உட்கார்ந்தார். மேசையில் வெள்ளைத் துணி, அதன்மேல் மெழுகுதிரி. நற்செய்தி வாசிக்கும்போது எழுந்து நின்றார். முழங்கால் வலியோடு கதிரையைப் பிடித்துக்கொண்டு முழந்தாளிட்டார். கொழும்பிலிருந்து வந்த குரலுக்கு ஒவ்வொரு இடத்திலும் தமிழில் உரக்க மறுமொழி சொன்னார். சமாதானத்தைப் பகிரும் நேரம் வந்தபோது என் பக்கம் திரும்பிக் கைகூப்பினார். ஒருவன் போதவில்லை அவருக்கு. மெதுவாக எழுந்து பின்பக்க மதிலடிக்குப் போய், பக்கத்து வீட்டு அம்மாவைக் கூப்பிட்டார். அந்த அம்மா தேங்காய் துருவிக்கொண்டிருந்தவர், துருவல் ஒட்டிய கையோடு ஓடி வந்தார். "சமாதானம் பிள்ளை" என்றார் பெரியம்மா. அந்தச் சைவப் பெண்ணும் அந்தக் கைகளைக் கூப்பி, "சமாதானம் அம்மா" என்றார். இருவரும் அழுதார்கள். பூசை முடிந்ததும் தன் வாங்கில் வழக்கமாக இருக்கும் பெண்கள் ஒவ்வொருவருக்கும் தொலைபேசி எடுத்து, பார்த்தாயா, எழுந்து நின்றாயா, மருந்து குடித்தாயா என்று விசாரித்தார்.

அந்தத் தொலைக்காட்சிப் பெட்டிக்குக் கண்ணும் இல்லை, காதும் இல்லை. பெரியம்மா எழுந்து நின்றதைக் கொழும்பில் யாரும் பார்க்கவில்லை. அப்படியிருந்தும் அவர் முழுமையாக அங்கே இருந்தார். உங்களிடம் இருப்பது உங்களைப் பார்க்கக்கூடிய, நீங்கள் பேசினால் கேட்கக்கூடிய திரை. அதன் கண்ணை நீங்களே பொத்துகிறீர்கள். டிவி பார்க்கிற மாதிரி என்று அண்ணன் சொல்வதில் நியாயம் இருக்கிறது என்றால், அதை டிவியாக்கியது சூம் இல்லை.

ஒரு இழப்பை மறைக்காமல் சொல்கிறேன். சூமில் சேர்ந்து பாட முடியாது. குரல்கள் வெவ்வேறு தாமதத்தோடு வந்து சேர்வதால் எல்லோருடைய ஒலியையும் அடைத்துவிட்டு ஒருவர் மட்டும் பாட, மற்றவர்கள் தத்தம் வீட்டில் தனியாகப் பாடுகிறார்கள். நம் வடமோடிக் கூத்தில் கூத்தர் பாடிய அடியைப் பிற்பாட்டுக்காரர் வாங்கிப் பாடாவிட்டால் களரி செத்துவிடும். அப்படி ஒரு குறை இதில் இருக்கிறது. எந்தத் தொழில்நுட்பக்காரர் வந்து சமாதானம் சொன்னாலும் நான் ஏற்க மாட்டேன். ஊர்த் தேவாலயத்தை விட்டுவிடாதீர்கள் என்று சொல்ல எனக்கிருக்கும் ஒரே காரணமும் அதுதான். அங்கே போய் வாய்விட்டுப் பாடுங்கள்.

ஆனால் பாட்டைத்தான் சூம் பறித்தது. பேச்சைப் பறிக்கவில்லை. திரி ஏற்றும் நேரத்தைப் பறிக்கவில்லை. அந்த நேரம் எதற்காக இருக்கிறது? ஒருவர் மகள் பரீட்சையில் தேறியதைச் சொல்வார். இன்னொருவர் புற்றுநோய் திரும்பி வந்ததைச் சொல்வார். கேட்பவர்கள் அந்த வாரம் முழுவதும் அதைச் சுமந்துகொண்டு திரிவார்கள். கடையில் கண்டால் கேட்பார்கள், சமைத்துக்கொண்டு போய்க் கொடுப்பார்கள். மற்றவர்களின் துயரத்தை இரண்டு வருடமாகக் கேட்டிருக்கிறீர்கள். உங்களுடையதை அவர்களுக்குத் தரவில்லை. பணிவு என்று நீங்கள் நினைத்திருப்பீர்கள். நான் அதைக் கஞ்சத்தனம் என்பேன். கோபிக்காதீர்கள். நாற்பது பிள்ளைகளுக்கு முன்னால் நின்று, பின்வாங்கில் ஒளிந்திருப்பவனைப் பெயர் சொல்லி எழுப்பிய ரீச்சர்தானே நீங்கள்?

ஆங்கிலம் சரளமில்லை என்பதை நான் காரணமாக ஏற்க மாட்டேன். ஆராதனையின் தொடக்கத்தில் அவர்கள் ஏற்றும் சுடர்க் கிண்ணத்தைப் பார்த்திருப்பீர்கள். அந்தச் சின்னத்தை 1941இல் வரைந்தவர் ஹான்ஸ் டொய்ட்ச் என்ற ஆஸ்திரிய ஓவியர். நாஜிகளிடமிருந்து தப்பி லிஸ்பனுக்கு ஓடிவந்த அகதி. தன்னைப்போல ஓடிவந்தவர்களுக்கு உதவிய யூனிட்டேரியன் சேவைக் குழுவின் பத்திரங்களில் பதிப்பதற்காக வரைந்தார். பாஷை தெரியாமல் வந்து நின்றவர்களுக்காகப் பிறந்த அடையாளம் அது. அதற்கு முன்னால் உங்கள் உடைந்த ஆங்கிலத்துக்கு வெட்கப்பட என்ன இருக்கிறது? 1990இல் இந்த மாவட்டத்தில் முகாம்களில் கிடந்த நாங்கள் வந்தவரிடம் இலக்கணமா கேட்டோம்?

என் சபை என்று சொல்லலாமா என்று நீங்கள் கேட்டதற்கு நான் இன்னும் பதில் சொல்லவில்லை. உறுப்புரிமைக்கு ஒவ்வொரு யூனிட்டேரியன் சபையும் தன் விதியைத் தானே வகுத்துக்கொள்கிறது. உங்கள் சபையின் செயலாளருக்கு மின்னஞ்சல் எழுதிக் கேளுங்கள். கேட்பதற்குமுன் உங்கள் பெயர் அவருக்குத் தெரிந்திருக்கட்டும்.

வரும் ஞாயிறு மூன்றரைக்கு ஜன்னல் பக்கமாக முகத்தில் வெளிச்சம் விழும்படி உட்காருங்கள். சூமில் உங்கள் முழுப் பெயரைப் போடுங்கள். தமிழிலும் சேர்த்து. திரி ஏற்றும் நேரம் வந்ததும் கணவரின் பெயரைச் சொல்லுங்கள். அவர் சைவர், நீங்கள் மெதடிஸ்தர், இத்தனை வருடம் ஒரே வீட்டில் வாழ்ந்தீர்கள் என்பதைச் சொல்லுங்கள். ஆங்கிலம் நின்றுபோனால் தமிழில் முடியுங்கள். பிறகு எழுந்து போகாமல், தேநீரை முன்கூட்டியே ஊற்றி வைத்துக்கொண்டு கடைசிவரை இருங்கள். யார் என்ன கேட்டார்கள், நீங்கள் என்ன சொன்னீர்கள் என்று திங்கட்கிழமை எனக்கு எழுத வேண்டும்.

அன்புடன்.