காதுக்குள் விளக்கடித்துப் பார்த்த பிறகும் ஸ்கேன் எதற்கு?

வாசகர் கேள்விகளுக்குக் காது மூக்கு தொண்டை மருத்துவரின் பதில்கள்

கேள்வி: என் அம்மா கடலில் பாசி எடுக்கப் போகிறவர். நான்கு ஆண்டுகளாக அவருடைய வலது காதில் நாற்றத்துடன் சீழ் வடிகிறது. சொட்டு மருந்து விட்டால் நிற்கிறது. கடலில் இறங்கினால் மறுபடியும் வருகிறது. இப்போது காதும் மந்தமாகிவிட்டது. காதுக்குள் பார்த்த மருத்துவர், செவிப்பறையின் மேற்பகுதி குழிந்திருக்கிறது என்று சொல்லி சி.டி. ஸ்கேன் எழுதிக் கொடுத்தார். கண்ணால் பார்த்த பிறகு ஸ்கேன் எதற்கு?
- ஒரு வாசகி, பாம்பன்

பதில்: உங்கள் அம்மாவுக்கு இந்த ஸ்கேன் அவசியம், தள்ளிப்போட வேண்டாம். சீழ் வடியும் காது எல்லாவற்றுக்கும் நான் இப்படிச் சொல்வதில்லை. செவிப்பறையின் நடுவில் ஓட்டை விழுந்து, சளி போல நாற்றமில்லாமல் வடியும் காதுக்குப் பெரும்பாலும் மைக்ரோஸ்கோப்பில் பார்ப்பதும் கேட்கும் திறனைச் சோதிப்பதுமே போதும். நாற்றமும், மேற்பகுதிக் குழியும், காது மந்தமும் ஒன்றாகச் சேரும்போதுதான் கொலெஸ்டியடோமா என்ற நோயை நினைக்க வேண்டியிருக்கிறது. பெயரைக் கேட்டுப் பயப்பட வேண்டாம், அது புற்றுநோய் அன்று; ஆனால் செவிப்பறையின் தோல் உள்ளே மடிந்து பைபோலாகி, உதிரும் செதில்கள் அதிலேயே சேர்ந்து, சுற்றியுள்ள எலும்பைச் சிறுகச் சிறுக அரித்துக்கொண்டே போகும்.

விளக்கு காட்டுவது அந்தப் பையின் வாயை மட்டுமே. அது எவ்வளவு தூரம் உள்ளே போயிருக்கிறது என்பதை, ஒரு மில்லிமீட்டரை விட மெல்லிய துண்டுகளாக எலும்பைப் படமெடுக்கும் சி.டி. காட்டும். நடுச்செவியின் வெளிச்சுவரில் கிளிமூக்குப் போன்ற ஓர் எலும்பு நுனி உண்டு. நோயற்ற காதின் படத்தில் அது கூராகத் தெரியும். இந்த நோயில் மழுங்கிப்போயிருக்கும். படத்தைக் கையில் வாங்கியதும் என் கண் முதலில் போகும் இடம் அதுதான். பிறகு சுத்தி, பட்டடை, அங்கவடி ஆகிய மூன்று சிற்றெலும்புகளும் மிச்சமிருக்கின்றனவா, முகத்தசைகளை இயக்கும் நரம்பு செல்லும் எலும்புக் குழாய் திறந்துவிட்டதா, மூளைக்கும் காதுக்கும் நடுவே தகடு போல உள்ள மெல்லிய எலும்புக் கூரை அரிக்கப்பட்டிருக்கிறதா என்று பார்ப்போம். அறுவை செய்பவருக்கு இந்தப் படம், கத்தி எங்கே நிதானிக்க வேண்டும் என்று முன்கூட்டியே சொல்லிவிடும்.

சி.டி.யிலும் ஒரு குறை உண்டு: சீழானாலும் சளியானாலும் கொலெஸ்டியடோமாவானாலும் அதில் ஒரே சாம்பல் நிறமாகத்தான் தெரியும். அவற்றைப் பிரித்தறியத் தனி முறையில் எடுக்கும் எம்.ஆர்.ஐ. உதவுகிறது. எல்லாருக்கும் அது தேவைப்படாது. அறுவைக்குப் பின் நோய் மீண்டும் வந்திருக்கிறதா என்று, காதை மறுபடியும் திறக்காமலே அறியத்தான் அது பெரிதும் பயன்படும்.

ஸ்கேனுக்கு முன் அம்மாவின் தோட்டையும் மாட்டலையும் கழற்றி நீங்கள் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். உலோகம் படத்தில் கோடுகளை இழுத்து, பார்க்க வேண்டிய இடத்தையே மறைத்துவிடும். இந்தச் சோதனைக்குப் பெரும்பாலும் ஊசி மருந்து வேண்டியதில்லை, சில நிமிடங்களில் முடிந்துவிடும். இராமநாதபுரம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் காது மூக்கு தொண்டைப் பிரிவில் காட்டி, அங்கேயே வழி கேட்கலாம். கண்ணாடி மாட்டி, விரலில் துணி சுற்றி, மூச்சடக்கி மூழ்கினால்தான் அன்றைய கூலி என்பது எனக்குத் தெரியும். இருந்தும், சிகிச்சை முடியும்வரை அவர் கடலில் மூழ்க வேண்டாம் என்றே கேட்டுக்கொள்கிறேன். முகம் ஒருபக்கம் கோணினாலோ, தலைசுற்றலோ, காய்ச்சலுடன் கடுந்தலைவலியோ வந்தாலோ அன்றே மருத்துவமனைக்குக் கூட்டிச் செல்லுங்கள்.

கேள்வி: மீன் முள் தொண்டையில் குத்தி இரண்டு நாளாகிறது. சோற்றை உருட்டி விழுங்கிப் பார்த்தேன். எக்ஸ்ரேயில் ஒன்றும் இல்லை என்கிறார்கள், ஆனால் விழுங்கும்போது ஒரே இடத்தில் வலிக்கிறது.
- ஒரு வாசகர், தங்கச்சிமடம்

பதில்: எக்ஸ்ரேயில் தெரியவில்லை என்பதால் முள் இல்லை என்று ஆகாது. சூடை போன்ற மீன்களின் மெல்லிய முள் எக்ஸ்ரேயில் பல நேரம் தெரிவதில்லை. வயதானவர்களுக்கோ குரல்வளைக் குருத்தெலும்பில் சுண்ணாம்புச் சத்துப் படிந்து, இல்லாத முள்ளை இருப்பது போலக் காட்டுவதும் உண்டு. முள் தைக்கும் இடம் பெரும்பாலும் டான்சிலோ நாக்கின் அடியோதான். அங்கே நேரில் பார்த்தே எடுத்துவிடலாம். அங்கு இல்லையென்றால் குழாய்க் கருவியால் தொண்டையைப் பார்ப்பார்கள். அதிலும் அகப்படாமல் வலி நீடித்தால், அடுத்தது கழுத்து சி.டி. சோற்று உருண்டை முள்ளை இன்னும் ஆழமாகத் தள்ளிவிடக்கூடும், இனி விழுங்காதீர்கள். காய்ச்சல், கழுத்து வீக்கம், நெஞ்சுவலி இவற்றில் ஒன்று வந்தாலும் காலை வரை காத்திருக்க வேண்டாம்.

கேள்வி: காலையில் எழுந்ததும் அடுக்குத் தும்மல், மூக்கில் நீர். சைனஸ் சி.டி. எடுத்துப் பார்த்துவிடலாமா?
- ஒரு வாசகர், கீழக்கரை

பதில்: இப்போது வேண்டாம். நீங்கள் எழுதியிருப்பது ஒவ்வாமை போலத் தெரிகிறது. ஒவ்வாமையை ஸ்கேன் காட்டாது. எந்தத் தொல்லையும் இல்லாத பலருக்கும் சைனஸின் உட்தோல் சற்றுத் தடித்திருப்பதாக அறிக்கை வரும். அதைப் படித்துவிட்டு வீண் கவலையோடு வருகிறவர்களை அடிக்கடி பார்க்கிறேன். மூக்கில் அடிக்கும் மருந்தைச் சில வாரங்கள் முறையாக எடுத்தும் குணமாகாமல், அறுவைசிகிச்சை பற்றிப் பேச்சு வரும்போது சி.டி. எடுப்பதே முறை. ஒரு மூக்கு மட்டும் அடைத்துக்கொண்டு இரத்தம் வந்தால் நிலைமை வேறு. அதுவும் விடலைப் பருவப் பையனுக்கு வந்தால், மூக்கின் பின்புறத்தில் இரத்தக்குழாய்கள் நிறைந்த கட்டி இருக்கக்கூடும். அதைப் படமெடுத்துப் பார்க்காமல் சதைத் துண்டு வெட்டிச் சோதிப்பது கட்டுக்கடங்காத இரத்தப்போக்கில் கொண்டுபோய் விடும் என்பதால், அங்கே ஸ்கேன்தான் முதலில் வரவேண்டும்.